மனச்சோர்வில் இறுகும் உடம்புக்கு ஃபேசியா சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேசியா என்பது எது?

கோழியின் தோலை உரிக்கும்போது கறியோடு ஒட்டிக்கொண்டு கண்ணாடித்தாள் மாதிரி ஒரு வெள்ளைச் சவ்வு வருமே, அதுதான். நம் உடம்பில் தோலுக்கு அடியில் கொழுப்போடு கலந்த தளர்வான அடுக்கு ஒன்று உண்டு. அதற்குக் கீழே ஒவ்வொரு தசைக்கும் உறை போட்டது போலக் கெட்டியான அடுக்கு ஒன்று. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை இது விட்டுப்போகாமல் தொடர்கிறது. கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆன இந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர, நடுவில் ஹையலுரோனான் என்ற வழவழப்பான பொருள் இருக்கிறது. நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் அந்த வழவழப்பு கெட்டிப்பட்டு, நகர்வு மந்தமாகும் என்பது இத்துறையில் பலரும் ஏற்கும் விளக்கம். இந்தச் சவ்வில் நரம்பு முனைகளும் மிக அதிகம். அதனால்தான் இது வெறும் பொட்டலத்தாள் இல்லை. வலியையும் உடல்நிலையையும் மூளைக்குச் சொல்லும் உறுப்பாகவே இன்று பார்க்கப்படுகிறது. 2007இல் பாஸ்டனில் முதல் சர்வதேச ஃபேசியா ஆராய்ச்சி மாநாடு நடந்த பிறகுதான் இந்தப் பார்வை பரவலானது. இந்தச் சவ்வைக் கையால் பிடித்துத் தளர்த்த முயல்வதே ஃபேசியா சிகிச்சை.

மனசு சரியில்லை என்றால் கழுத்தும் முதுகும் ஏன் பிடித்துக்கொள்கின்றன?

மனச்சோர்வு உடம்பைத் தொடாத நோய் அல்ல. 14 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 1999இல் வெளியானது. மனச்சோர்வோடு பொது மருத்துவரிடம் வந்தவர்களில் 69 சதவீதம் பேர் தாங்கள் வந்த காரணமாக உடல் உபாதைகளை மட்டுமே சொல்லியிருந்தார்கள். 'உடம்பு அடிச்சுப் போட்டாப்புல இருக்கு', 'நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு' என்று நம் ஊரில் சொல்வதும் அதேதான்.

ஒரே காரணம் கிடையாது. தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் அளவு குறையும். தோள் முன்னால் கூம்பி, தலை தொங்கி, நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தோ படுத்தோ இருப்பதால் மார்புப் பக்கம் சுருங்கி, பின்கழுத்து ஓயாமல் தலையின் பாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூச்சு மேல்மார்பிலேயே நின்றுவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் செய்யவேண்டிய வேலையைக் கழுத்துத் தசைகள் செய்யும். பல்லைக் கடிக்கும் பழக்கம் தாடையைப் பிடித்துக்கொள்ளும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஜொஹானஸ் மிஹாலக் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் 40 மனச்சோர்வு நோயாளிகளையும், அதே வயது, பாலினத்தில் அந்த நோய் வராத 40 பேரையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் தசை-ஃபேசியா திசுவில் விறைப்பு அதிகம், மீள்தன்மை குறைவு.

அப்படியானால் ஃபேசியாவைத் தளர்த்தினால் மனச்சோர்வு போய்விடுமா?

போகாது. விறைப்பும் சோர்வும் சேர்ந்து வருகின்றன என்பதுதான் மேலே சொன்னதிலிருந்து தெரிவது. எது எதற்குக் காரணம் என்பது அல்ல. அதே குழு இரண்டாவது ஆய்வாக, வேறு நோயாளிகளில் ஒரு பிரிவினரை ஒரே ஒரு அமர்வு தாங்களாகவே ஃபேசியா தளர்த்தும் பயிற்சி செய்யவைத்தது. ஒப்பீட்டுப் பிரிவைவிட அவர்களின் மனநிலை சற்று மேம்பட்டது. கசப்பானவற்றையே நினைவில் வைத்துக்கொள்ளும் போக்கும் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது அமர்வு முடிந்த கையோடு அளந்த மாற்றம். மூன்று மாதம் கழித்து நோய் எப்படி இருந்தது என்று அது சொல்லவில்லை.

கை வைத்துச் செய்யும் சிகிச்சையிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவை: கழுத்து-முதுகு இறுக்கம், நெஞ்சுக்கூடு அசையாத உணர்வு, தாடை வலி, இறுக்கத்தால் வரும் தலைவலி, அதனால் கெடும் தூக்கம். பசியின்மை, குற்ற உணர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, சாகவேண்டும் என்ற எண்ணம் இவற்றுக்கு மனநல மருத்துவரும் பேச்சு சிகிச்சையும் வேண்டும். உடம்பு தளர்ந்தால் நடக்கத் தோன்றும். உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும் என்பதற்கு ஃபேசியா சிகிச்சையைவிடப் பல மடங்கு ஆதாரம் இருக்கிறது. அந்த நடைக்கு ஆளை எழுப்பிவிடுவதுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய உபயோகம் என்பது எங்கள் கருத்து.

இதில் எத்தனை வகை?

பெயர்கள் நிறைய. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஐடா ரோல்ஃப் உருவாக்கிய ரோல்ஃபிங் கொஞ்சம் ஆழமாக அழுத்துவது. பிசியோதெரபிஸ்ட் ஜான் பார்ன்ஸ் பரப்பிய மயோஃபேசியல் ரிலீஸ் மெதுவாக, நீண்ட நேரம் பிடித்திருப்பது. பிரான்ஸின் டானி புவா உருவாக்கிய ஃபேசியாதெரபி இன்னும் மென்மையானது. திசு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே கை மெதுவாகப் போய், ஓரிடத்தில் நின்று, நோயாளியை அந்த உணர்வைக் கவனிக்கச் சொல்லும். இத்தாலியின் லூயிஜி ஸ்டெக்கோவின் முறை குறிப்பிட்ட புள்ளிகளில் அழுத்தித் தேய்ப்பது, வலிக்கும். சோர்ந்து கிடக்கும் ஒருவருக்கு மென்மையான இரண்டும் பொருந்தும். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கவேண்டிய முறையை ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது.

முதல் நாள் என்ன நடக்கவேண்டும்?

நேராகப் படுக்கவைத்துக் கை வைத்தால் அங்கேயே தவறு தொடங்கிவிட்டது. முதல் 20 நிமிடம் பேச்சும் பரிசோதனையும்தான்.

உடம்பு வலியும் களைப்பும் மனச்சோர்வால்தானா என்று பார்க்கவேண்டும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வைட்டமின் டி, பி12 பற்றாக்குறை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை எல்லாமே இதே முகத்தோடு வரும். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், இரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் போன்ற அடிப்படை இரத்தப் பரிசோதனை பார்த்தாகிவிட்டதா என்று கேட்காத சிகிச்சையாளரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். இரவில் எழுப்பும் வலி, காரணமின்றி எடை குறைவது, காய்ச்சல், கை கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது இருந்தால் முதலில் மருத்துவர்.

அடுத்து, மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். ஒன்பதாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'இல்லை' தவிர வேறு பதில் வந்தால் மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கே அதைப் பற்றிப் பேசவேண்டும்.

பிறகு அளவெடுப்பு. வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். கழுத்தை இரு பக்கமும் எவ்வளவு திருப்ப முடிகிறது. மார்பெலும்பின் அடிமுனை மட்டத்தில் டேப் சுற்றி, மூச்சை முழுக்க விட்டதற்கும் இழுத்ததற்கும் உள்ள வித்தியாசம், 2.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நெஞ்சுக்கூடு நன்றாகவே இறுகியிருக்கிறது. படுத்ததிலிருந்து தூங்க எவ்வளவு நேரமாகிறது என்பதும். மனச்சோர்வு பலருக்குக் காலையில் கனமாகவும் மாலையில் லேசாகவும் இருக்கும். அதனால் எல்லா அளவையும் ஒரே நேரத்தில் எடுக்கவேண்டும். காலையில் ஒரு முறையும் மாலையில் மறுமுறையும் அளந்துவிட்டு 'குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்படுவது சர்வசாதாரணமான பிழை.

கை வைக்கும் வரிசை எப்படி?

ஒரு அமர்வில் மூன்று இடத்துக்கு மேல் தொடவேண்டாம். மொத்தம் 45 நிமிடம் போதும். எண்ணெய் வேண்டாம், எண்ணெய் தடவினால் கை தோல்மேல் வழுக்கிப் போய்விடும், சவ்வைப் பிடித்து நகர்த்த முடியாது. கை கதகதப்பாக இருக்கவேண்டும்.

முதலில் உதரவிதானம். நோயாளி மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறார். ஒரு கை முதுகுக்கு அடியில் கடைசி விலா மட்டத்தில். மற்றொரு கை மேல்வயிற்றின்மேல், கீழ்விலாக்களைத் தொட்டபடி. மார்பெலும்பின் கூர்முனையை அழுத்தக்கூடாது. கையின் எடையை மட்டும் விட்டு, மூச்சோடு மேலும் கீழும் போகவிடவேண்டும். ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு, திசு எந்தப் பக்கம் எளிதாக நகர்கிறதோ அந்தப் பக்கம் கையும் நகரும். அங்கே 3 முதல் 5 நிமிடம். கைக்கடியில் ஏதோ உருகுவது மாதிரி தெரியும், பெருமூச்சு வரும், வயிறு கடமுடவென்று சத்தம் போடும். இவை எல்லாம் நல்ல அறிகுறிகள்.

அடுத்து காறையெலும்புக்குக் கீழே, தோள் பக்கம். விரல்களைத் தட்டையாக வைத்து, திசுவில் இறங்கி, தடை தெரிந்த இடத்தில் நின்று, தோளை நோக்கிச் சாய்வாக 90 நொடியிலிருந்து 2 நிமிடம் வரை பிடித்திருக்கவேண்டும். பெண்களுக்கு மார்பகத் திசுவின் பக்கம் கை போகவே தேவையில்லை. வேண்டுமானால் அவர் கையை வைத்து, அதன்மேல் சிகிச்சையாளர் கை வைக்கலாம்.

மூன்றாவது பிடரி. சிகிச்சையாளர் தலைமாட்டில் உட்கார்ந்து, இரு கை விரல்நுனிகளையும் மண்டையோட்டின் அடிவிளிம்புக்குக் கீழே மடக்கி வைத்து, தலையின் எடை அதன்மேல் தானாக இறங்கக் காத்திருக்கிறார். 2 முதல் 4 நிமிடம். விரல் மேல்நோக்கிக் குத்தக்கூடாது. முன்கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தை எக்காரணம் கொண்டும் அழுத்தக்கூடாது. இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும்.

அடுத்தடுத்த அமர்வுகளில் கீழ்முதுகையும் தாடையையும் எடுக்கலாம். கீழ்முதுகுக்குக் கைகளைக் குறுக்காக வைத்து, ஒன்று முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் திருவெலும்பின்மேல், ஒன்று கீழ் விலாக்களுக்கருகில், இரண்டையும் மெதுவாக எதிரெதிரே விலக்கிப் பிடிப்பது. தாடைக்கு வாய்க்கு வெளியிலிருந்து மட்டும். வாய்க்குள் கையுறை போட்டுச் செய்யும் முறைக்குத் தனியாக அனுமதி கேட்கவேண்டும்.

முடிந்ததும் சட்டென்று எழக்கூடாது. ஒருக்களித்து, உட்கார்ந்து, 2 நிமிடம் கழித்து நின்று, அறைக்குள் பத்தடி நடந்துவிட்டுப் போகவேண்டும்.

நன்றாக அழுத்தினால்தானே பிடிப்பு விடும்?

இது நம் ஊரில் மாற்றவே முடியாத நம்பிக்கை. வலி 10க்கு 4ஐத் தாண்டினால் உடம்பு எதிர்த்துப் பிடிக்கும். முகம் சுளிக்கும், மூச்சு நிற்கும், கால்விரல் மடங்கும். அந்த நேரத்தில் கை கொடுப்பதைத் தசை திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு வலிக்கும். ஏற்கெனவே எழமுடியாமல் கிடப்பவர் அடுத்த முறை வரமாட்டார்.

மென்மைக்கு வேறு காரணமும் உண்டு. முடியுள்ள தோலில் மெதுவான தடவலுக்கென்றே சில நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் அவை நன்றாக வேலை செய்யும். இதமான உணர்வோடு தொடர்புள்ள மூளைப் பகுதிக்குச் செய்தி போகும். வேகமாகத் தேய்த்தால் அவை கண்டுகொள்வதில்லை.

'ஒட்டிப்போன சவ்வைப் பிரித்தெடுக்கிறோம்' என்கிறார்களே?

கையால் அப்படிப் பிரிக்க முடியாது. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணித மாதிரி ஆய்வில், தொடைப்பக்கச் சவ்வையும் உள்ளங்கால் சவ்வையும் 1 சதவீதம் அமுக்கவே கை தரமுடியாத அளவு விசை தேவை என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் கைக்கடியில் தெரியும் தளர்வு எங்கிருந்து வருகிறது? நரம்பு மண்டலம் தசையின் முறுக்கைக் குறைப்பதும், அடுக்குகளுக்கு நடுவே வழுக்கல் திரும்புவதும் என்பதே இன்றைக்குப் பொருத்தமான விளக்கம். 'உங்கள் பழைய சோகம் இந்த முடிச்சில் தங்கியிருக்கிறது' என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் கிடையாது.

சிகிச்சையின்போது அழுகை வந்துவிட்டது. ஏதாவது கெட்டுப்போனதா?

இல்லை. நாள்கணக்கில் யாரும் தொடாத உடம்பில் ஒரு கை அமைதியாக இருக்கும்போது அழுகை வரலாம். சிகிச்சையாளர் கையை உடனே எடுத்துவிடாமலும், மேலே அழுத்தாமலும் நின்று, 'தொடரவா, நிறுத்தவா' என்று கேட்கவேண்டும். ஏன் அழுகிறீர்கள் என்று தோண்டுவது அவர் வேலை இல்லை. ஆனால் பழைய வன்முறையோ பாலியல் கொடுமையோ கண்முன் வந்து, இப்போது எங்கே இருக்கிறோம் என்பதே மறந்தால் நிறுத்தவேண்டும்; கண்ணைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி உட்காரவைத்து, அறையில் தெரியும் பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லலாம். அடுத்த அமர்வுக்கு முன்னால் மனநல ஆலோசகரிடம் பேசியாகவேண்டும். கையை உயர்த்தினால் நிறுத்துவது என்று முன்கூட்டியே ஒரு சைகை பேசிவைத்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. அழுதால்தான் சிகிச்சை வேலை செய்தது என்று நினைக்கவும் வேண்டாம்.

எத்தனை முறை வரவேண்டும்?

வாரம் ஒரு முறை, நான்கு முறை. பிறகு முதல் நாள் எடுத்த அளவுகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். வலி எண் 2 புள்ளியாவது குறையவில்லை, தூக்கமும் மாறவில்லை என்றால் இது உங்களுக்கானது இல்லை, நிறுத்திவிடலாம். குறைந்திருந்தால் இன்னும் இரண்டு, பிறகு இடைவெளி. 20 அமர்வுக்கு முன்பணம் கேட்பவரிடம் கட்டவேண்டாம். வலி குறைந்து, பிஎச்கியூ எண் மட்டும் அப்படியே இருந்தால், மருந்தையோ பேச்சு சிகிச்சையையோ மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேட்கவேண்டிய நேரம் அது.

மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறேன். இதைச் செய்யலாமா?

செய்யலாம், மாத்திரையை நிறுத்தாமல். உடம்பு லேசானதும் 'இனி எதற்கு' என்று திடீரென விடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரும், நோயும் திரும்பலாம். சிகிச்சையாளரிடம் சொல்லியே ஆகவேண்டிய சில:

எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின் வகை மாத்திரைகள் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் வேலையைச் சற்றுக் குறைக்கும். கொஞ்சம் அழுத்தினாலே கன்றிப்போகும். இதோடு ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமைக்கான மருந்தோ சேர்ந்தால் இன்னும் அதிகம். இதே மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிக்கும் பழக்கத்தைக் கொண்டுவரும்; புது மாத்திரை ஆரம்பித்த பிறகு தாடை வலி வந்திருந்தால், தாடையைப் பிசைவதற்கு முன் மருந்து கொடுத்தவரிடம் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலின் போன்றவை படுத்து எழும்போது இரத்த அழுத்தத்தைச் சரியவைக்கும். லித்தியம் எடுப்பவர்கள் அமர்வுக்குப் பிந்தைய வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போட்டுவிடக்கூடாது. லித்தியம் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். எது போடலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

யாருக்குக் கூடவே கூடாது?

கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்குமோ என்ற சந்தேகம், புது எலும்பு முறிவு, எலும்பு மெலிந்து எளிதில் உடையும் கடுமையான எலும்புப்புரை, பெருந்தமனி வீக்கம், தோல் தொற்று, திறந்த புண், காய்ச்சல். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் வரவேண்டாம். மனநோய் பக்கத்தில், இல்லாத குரல் கேட்பவர்கள், அளவுக்குமீறிய உற்சாக நிலையில் இருப்பவர்கள், தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள்: இவர்களுக்கு முதலில் மனநல மருத்துவம்.

சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் சிகிச்சை நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

வீட்டில் என்ன செய்யலாம்?

டென்னிஸ் பந்து ஒன்று போதும். சுவரில் சாய்ந்து நின்று, முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் பந்தை வைத்து, இறுக்கமான இடத்தில் நின்று ஐந்து மூச்சு விடுங்கள். முதுகெலும்பின்மேல் பந்து ஏறக்கூடாது. உள்ளங்காலுக்குப் பந்தைத் தரையில் வைத்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு காலுக்கும் ஒரு நிமிடம். கெட்டியான ரோலரை வாங்கித் தரையில் உருண்டு பார்ப்பதைவிட இது பாதுகாப்பு. நாளைக்கு 5 நிமிடம் போதும். படுக்கையிலிருந்தே எழமுடியாத நாளில் துண்டைச் சுருட்டிப் பிடரிக்கு அடியில் வைத்து 3 நிமிடம் கிடந்தால் அதுவே கணக்கு.

சித்த மருத்துவத் தொக்கணமும் இதுவும் ஒன்றுதானே?

கை வைப்பதில் உறவுண்டு, முறையில் வேறு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை தொக்கணத்தில் உண்டு. பெரும்பாலும் தைலத்தோடு, வாதத்தைக் கணக்கில் வைத்துச் செய்வது. ஒரே வாரத்தில் இரண்டையும் செய்தால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

யாரிடம் போவது?

பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்ட். அதற்குமேல் ஃபேசியா முறையில் பயிற்சி. பிசியோதெரபி 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டத்தின்கீழ் வரும் தொழில். வாரக்கடைசி வகுப்பில் வாங்கிய சான்றிதழ் மட்டும் அதற்கு ஈடாகாது. உங்களோடு ஒருவர் அறையில் இருக்க மறுப்பவர், ஒவ்வொரு இடத்தையும் தொடும் முன் சொல்லாதவர், மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு வரலாமா? என்ன உடை?

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வெறும் வயிற்றிலும் வேண்டாம். தளர்வான பருத்தி டி-ஷர்ட், பேன்ட் போதும். சேலையில் வருபவர்கள் சுடிதார் ஒன்றைக் கையில் எடுத்துவந்தால் விலாப்பக்கம் வேலை செய்ய எளிது. முடிந்த பிறகு வழக்கம்போலக் குளிக்கலாம். அன்றைக்கு மட்டும் ஜிம்மில் பளு தூக்கவேண்டாம்.